பொய் சொல்லாத கடமான்

மைசூர் மாவட்டத்தில் அடுத்தடுத்துப் புலி அடித்து ஆட்கள் இறந்ததும், 2025 நவம்பரில் நாகரகொளையிலும் பந்திப்பூரிலும் கர்நாடக அரசு சஃபாரியை நிறுத்திவைத்தது. சஃபாரி வண்டிகளுக்கும் புலி வயலுக்கு வந்ததற்கும் தொடர்பு உண்டா என்பது தனி வழக்கு. அதற்குள் இங்கே போகவில்லை. உறுத்தியது, அந்த முடிவை எதிர்த்து எழுந்த சமாதானம். சுற்றுலாப் பயணியின் கண்தான் காட்டுக்குக் காவல். பார்த்தால்தான் பற்று வரும், பற்று வந்தால்தான் காடு பிழைக்கும். இது புது வாதம் இல்லை. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிக்குள் சுற்றுலாவே கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தபோதும் இதே வாய்ப்பாட்டைத்தான் ஒப்பித்தார்கள். அக்டோபரில் தடை விலகியது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது, விலங்குக்கும் வண்டிக்கும் 20 மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதிமுறைகள் வந்தன. விழுக்காட்டையும் மீட்டரையும் அளந்தவர்கள் வாய்ப்பாட்டை மட்டும் சரிபார்க்காமல் விட்டுவிட்டார்கள். ‘பார்த்தால்’ என்கிறோமே, சஃபாரியில் என்னதான் பார்க்கிறோம்?

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். ஒரு தலைமுறைக்கு முன் துப்பாக்கியோடு போன வர்க்கம் இன்று கேமராவோடு போகிறது, இது முன்னேற்றம்தான். நுழைவுக் கட்டணம் வனத்துறைக்குப் போகிறது. காட்டை ஒட்டிய ஊர்களில் ஓட்டுநர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் சமையல்காரர்களுக்கும் அதனால் அடுப்பு எரிகிறது. முதுமலையில் வனத்துறை வண்டியில் ஒரு மணி நேரம் சுற்றிவந்த பள்ளிப் பிள்ளை யானையைப் பார்த்து வாய்பிளப்பதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. சஃபாரியை அடியோடு மூடச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஜீப்புகள் புலியைச் சூழ்ந்து நிற்பது, செல்பேசியில் தகவல் பறப்பது, பின்னால் வந்த வண்டி முன்னால் நுழைய முட்டுவது ஆகியவற்றைப் பற்றியும் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. கான்ஹா, பாந்தவ்கர் புலிகளின் எச்சத்தைச் சோதித்த ஐதராபாத் அறிவியலாளர்கள், சுற்றுலாப் பருவத்தில் அவற்றின் உடலில் அழுத்தச் சுரப்பு கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள். அது புலியின் தரப்புக் குறை. நான் பேச வந்தது பார்ப்பவரின் தரப்புக் குறையை.

‘சைட்டிங்’ என்ற ஒரு சொல்லில் அந்தக் குறை முழுதும் அடங்கியிருக்கிறது. மசினகுடியிலிருந்து கபினி வரை ஓட்டுநர், வழிகாட்டி, விடுதி வரவேற்பாளர், பயணி எல்லோரும் பேசும் பொதுமொழி இது. “காலையில சைட்டிங் இருந்துச்சா?” என்று ஒருவர் கேட்பார். “இல்ல சார், டல்லு” என்று மற்றவர் சொல்வார். அந்த டல்லான காலையில் அறுபது யானைகள் நீர்க்கரையில் நின்றிருக்கலாம். காட்டுமாட்டுக் கூட்டம் சாலையைக் கடந்திருக்கலாம். மலையணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டபடி கிளையில் கவிழ்ந்து படுத்து எதையோ உரித்துத் தின்றிருக்கலாம். எதுவும் கணக்கில் வராது. சைட்டிங் என்றால் புலி; புலி இல்லாத இடத்தில் சிறுத்தை; கபினியில் கருஞ்சிறுத்தை. கருஞ்சிறுத்தை தனி விலங்குகூட இல்லை. ஒடுங்கு மரபணு ஒன்றால் தோல் கருத்த சாதாரணச் சிறுத்தைதான். சாய்வான வெயிலில் அதன் கருப்புக்குள் புள்ளிகள் தெரியும். 2020இல் அதைப் பற்றி நேஷனல் ஜியோகிராபிக் படம் வந்த பிறகு அந்த ஒற்றைத் தோலின் நிறத்துக்காகவே ஊர் விட்டு ஊர் வருகிறார்கள். பக்கத்து மரத்தில் மஞ்சள் தோலோடு உட்கார்ந்திருக்கும் சிறுத்தை இரண்டாந்தரமாகிவிடுகிறது. ஆப்பிரிக்கச் சுற்றுலாவின் ‘பெரிய ஐந்து’ என்ற பட்டியல் வேட்டைக்காரர்கள் போட்டது. கால்நடையாகப் போய்ச் சுடுவதற்கு எந்த ஐந்து விலங்கு மிக ஆபத்தானது என்பதே அதன் அளவுகோல். துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் பட்டியலைக் கீழே வைக்கவில்லை. இலங்கையில் சிறுத்தை, யானை, கரடியோடு இரண்டு திமிங்கிலத்தையும் சேர்த்து ஐந்தாக்கி விற்கிறார்கள்.

இந்த அளவுகோல் மற்ற விலங்குகளைக் காட்டுக்குள் என்ன பாடுபடுத்துகிறது என்பதைப் பார்க்க, ஒரு எச்சரிக்கைக் குரலைப் பின்தொடர்ந்தால் போதும். வண்டி போய்க்கொண்டிருக்கிறது. தொலைவில் கடமான் ஒன்று கத்துகிறது. தகர டப்பாவில் ஓங்கி அடித்தாற்போல் ஒற்றைக் குரல், இடைவெளி விட்டு மறுபடி ஒன்று. ஓட்டுநர் இன்ஜினை அணைக்கிறார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். புதர் ஓரத்தில் அந்தக் கடமான் தெரிகிறது. வால் செங்குத்தாக நிற்கிறது, காது இரண்டும் ஒரே திசைக்குத் திரும்பியிருக்கின்றன, முன்னங்கால் ஒன்று தூக்கித் தூக்கித் தரையில் மிதிக்கிறது. ஒரு பெரிய பாலூட்டி தன் உயிர் பற்றிய முடிவொன்றை நம் கண்முன் எடுத்துக்கொண்டிருக்கிறது. வண்டியிலிருக்கும் ஒரு கண்ணும் அதன்மேல் இல்லை; எல்லாக் கண்ணும் அதன் மூக்கு நீண்ட திசையில் இருக்கிறது. அந்த நொடியில் கடமான் விலங்காக இல்லை. புலியைச் சுட்டும் விரலாக இருக்கிறது. விரல் நீட்டினால் நீட்டிய இடத்தைத்தானே பார்ப்பார்கள், விரலை யார் பார்ப்பார்கள்? மரத்து உச்சியில் செருமும் மந்தியின் கதியும் இதுதான், கீச்சிடும் புள்ளிமானின் கதியும் இதுதான். ஒரு காட்டின் பாலூட்டிகள் அத்தனையும் புலி வந்ததும் கழற்றி வீசப்படும் வழிகாட்டிப் பலகைகள் ஆகிவிட்டன.

வழிகாட்டிகளிடம் ஒரு தொழில் வழக்கு உண்டு. புள்ளிமான் பொய் சொல்லும், கடமான் பொய் சொல்லாது என்பார்கள். அனுபவத்தில் விளைந்த பேச்சு. அதன் பொருளை மறுக்கவில்லை. புள்ளிமான் எதற்கும் கத்தும். கடமான் சும்மா கத்தாது. ஆனால் ‘பொய்’ என்ற சொல் யாருடைய பக்கம் நின்று சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். செந்நாயைக் கண்டு புள்ளிமான் கத்துகிறது. மலைப்பாம்பைக் கண்டு கத்துகிறது, ஊர்நாயைக் கண்டும் கத்துகிறது. பக்கத்தில் குட்டியை நிறுத்தியிருக்கும் தாய்க்கு இதில் எது பொய்? மான் கத்துவது தன் கூட்டத்துக்கு மட்டுமான தகவல் இல்லை, பதுங்கியிருக்கும் கொன்றுண்ணிக்கும் சேர்த்துத்தான் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உன்னைப் பார்த்துவிட்டேன், இனிப் பதுங்கிப் பயனில்லை, போய்விடு என்ற அறிவிப்பு அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடமானைத் திரும்பப் பார்த்தால், அது ஓடாமல் நின்று காலை மிதிப்பதற்கு ஒரு பொருள் கிடைக்கிறது. புலியும் மானும் சொல்லெடுத்துப் பேசிக்கொள்ளும் இடம் அது. அந்தப் பேச்சுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு பேசுகிறவர்களில் ஒருவரை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருவதை நாம் காட்டைப் பார்த்தது என்கிறோம்.

கடமானை மட்டுமே பார்த்திருந்தால் என்னென்ன கிடைத்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது உபதேசமாகப் போய்விடும். கடமானின் கழுத்தின் அடிப்பக்கம் சில மாதங்களில் முடி உதிர்ந்து செக்கச்செவேலென்று ஒரு திட்டு தோன்றும். கசிந்துகொண்டும் இருக்கும். பார்க்கிறவர்கள் காயம், புலி கடித்தது என்று பரிதாபப்படுவார்கள். கடிபடாத விலங்கிலும் அது வருகிறது. ஏன் வருகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. கையெட்டும் தூரத்தில் விடை தேறாத ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கிறது, கேட்க ஆளில்லை. மந்தியும் புள்ளிமானும் ஒன்றாகத் திரிவது வேறொரு கதை. மந்தி மரத்திலிருந்து பாதி கடித்து எறியும் இலையும் பழமும் கீழே நிற்கும் மானுக்குத் தீனி. மேலேயிருந்து தூரத்தைப் பார்க்கும் கண் மந்திக்கு, கீழேயிருந்து மோப்பம் பிடிக்கும் மூக்கு மானுக்கு. கான்ஹாவில் 1980களிலேயே இந்தக் கூட்டணியை உட்கார்ந்து ஆய்ந்திருக்கிறார்கள், யாருக்கு லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சஃபாரி வண்டி அந்த மரத்தடியில் நிற்கும் நேரம், யாராவது ஒருவர் “இது நெறைய பாத்தாச்சு, போலாம்” என்று சொல்லும்வரை.

செந்நாயின் வரலாறு இன்னும் கசப்பானது. வெள்ளைக்கார அரசும் பிறகு நம் அரசும் அதைத் தீய விலங்குப் பட்டியலில் வைத்துக் கொன்றவர்களுக்குப் பரிசு கொடுத்தன. மானை உயிரோடு கிழித்துத் தின்கிறது என்பது குற்றச்சாட்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தப் பரிசு வழக்கம் ஒழிந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1976இலிருந்து 1978 வரை பந்திப்பூரில் தங்கி, நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். கூட்டமாக வேட்டையாடி, குகையில் இருக்கும் குட்டிகளுக்கும் காவலுக்கு நின்ற துணைக்கும் வயிற்றில் இறைச்சி கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும் குடும்பம் அது என்பதை நாம் நெருங்கி அறிந்துகொண்டதில் அவருடைய உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. காட்டில் வாழும் பெரிய பாலூட்டி ஒன்றை ஒரு இந்தியர் களத்திலிருந்து ஆழமாக ஆய்ந்த தொடக்க கால முயற்சிகளில் ஒன்று. 2024இல் அவர் காலமானார். அவர் நடந்த அதே பந்திப்பூரில் இன்று செந்நாய்க் கூட்டம் சாலையில் படுத்திருந்தால் வண்டி நிற்கும். ஆனால் வண்டிக்குள் எழும் கேள்வி வேறு: செந்நாய் இருக்குமிடத்தில் புலி வருமா, வராதா?

புலி ஒரு குடை, அதைக் காப்பாற்றினால் அதன் கீழ் எல்லாம் பிழைக்கும் என்று இதற்கு மறுமொழி வரும். 1973இல் புலித் திட்டம் தொடங்கியதிலிருந்து ஓதப்படும் மந்திரம் இது, பாதி உண்மையும்கூட. புலிக்காகப் பெரிய பரப்பு காடு வெட்டுக்குத் தப்பியது. ஆனால் குடை நிலத்தைக் காக்கும், கண்ணைத் திருத்தாது. தவிர, எல்லாப் பாலூட்டியும் அந்தக் குடைக்கடியில் நின்றுகொண்டிருக்கவில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட முட்புதர் மலைகளில் தேவாங்கு இருக்கிறது. அங்கே புலி கிடையாது, பெருங்காடும் கிடையாது. 2022இல் தமிழக அரசு கடவூரைச் சுற்றி 11,806 ஹெக்டேரைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. இரவில் கிளையோடு கிளையாக, மணிக்கூட்டு முள்போல் நகரும் இந்த உள்ளங்கை விலங்கை சைட்டிங் பட்டியலில் எந்த இடத்தில் வைப்பது? தென்மாவட்டங்களின் காய்ந்த நிலத்தில் முள்ளெலி இருக்கிறது. அதற்கு எந்தக் குடையும் இல்லை. இந்தியாவில் 400க்கு மேற்பட்ட பாலூட்டி இனங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் வௌவாலும் எலி, அணில் வகைகளும்தான். ‘பாலூட்டிகளைக் காணும் சுற்றுலா’ என்று விளம்பரத்தில் போடுவது நாலைந்து விலங்குக்கு மொத்த வகுப்பின் பெயரையும் எடுத்துக் கொடுப்பதுதான்.

மேகமலை வௌவால் ஒன்றின் கதை இங்கே பொருந்தும். 1948இல் அங்கிருந்த தேயிலைத் தோட்டத்துக்காரர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். ஊரெல்லாம் திரியும் சாதாரணக் குறுமூக்குப் பழவௌவால் என்று எழுதி அதை இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லொங்யா அந்தத் தோலையும் மண்டையோட்டையும் எடுத்து உற்றுப் பார்த்து, இது உலகம் அறியாத புதிய பேரினம் என்று கண்டு சலீம் அலியின் பெயரை வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு 24 ஆண்டுகள் அருங்காட்சியகத்துக்குள்ளேயே பார்க்கப்படாமல் கிடந்தது. கண்ணுக்கு எதிரில் இருப்பதும் பார்க்கப்படுவதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். இனி அங்கே போகிறவர்கள் எதைக் கேட்பார்கள் என்பதைச் சோதிடம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து அந்தக் காவல் கண் வாதம். பயணிகள் நடமாடும் காட்டில் கள்ள வேட்டைக்காரன் நுழைய மாட்டான் என்கிறார்கள். சரிஸ்காவில் நுழைந்தான். டெல்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் நடுவில், பயணிகள் தவறாது வந்துபோன பிரபலக் காப்பகம். 2004 கடைசிக்கும் 2005 தொடக்கத்துக்கும் இடையில் அங்கே ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது வெளிவந்தது. பிரதமர் பணிக்குழு அமைத்தார், அறிக்கை வந்தது, நாடு தலையில் கைவைத்தது. நான்கே ஆண்டில் பன்னாவில் அதே நடந்தது. அங்கும் சஃபாரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2009இல் புலிகள் பூஜ்யம். பன்னாவில் புலிகள் குறைகின்றன என்று பல ஆண்டுகள் முன்னரே எச்சரித்தவர், கழுத்துப்பட்டை போட்டுப் புலிகளை ஆய்ந்துகொண்டிருந்த ரகு சுந்தாவத். அவர் பேச்சு எடுபடவில்லை. அத்தனை ஜீப்பிலும் அத்தனை கண்கள் இருந்தன, பற்று இருந்தது, கேமரா இருந்தது. குறைவதைக் கண்டது எண்ணிக்கொண்டிருந்த ஒருவர்தான். சைட்டிங் பார்ப்பவருக்கு இல்லாமை தெரியாது. இன்று வராத புலி நாளைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. புலி இல்லாத காட்டில் அவர் சொல்வதும் “இன்னைக்கு டல்லு” என்பதுதான். 2002இல் காலடித் தடத்தை வைத்து நாட்டில் 3,642 புலிகள் என்று அரசு சொன்னது. கேமராப் பொறியும் புள்ளியியலும் வந்த பிறகு, 2006 கணக்கில் 1,411 என்று வந்தது. இரண்டும் வேறு வேறு முறைகள், நேராக ஒப்பிட முடியாது என்பது சரிதான். நடுவில் அத்தனை ஆண்டுகள் அந்த முதல் எண்ணை யாருடைய ஜீப்பும் சந்தேகிக்கவில்லை என்பதும் சரிதான்.

கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேனா? இருக்கலாம். கள்ள வேட்டையைத் தடுப்பது பயணியின் வேலை இல்லை, அவர் தடுக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது நியாயமும் இல்லை. அந்த வேலையை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் சஃபாரியின் வக்கீல்கள். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மிஞ்சுவது பற்று. பார்த்தால் பற்று வருகிறது, அதில் ஐயமில்லை. எதன்மேல் என்பதை ரந்தம்போரின் உஸ்தாத் காட்டிக்கொடுத்தது. டி-24 என்ற எண்ணுக்குப் பயணிகள் வைத்துக்கொண்ட செல்லப்பெயர் அது. 2015 மே மாதம் அந்தப் புலி வனக்காவலர் ஒருவரைக் கொன்றதாக வனத்துறை முடிவுசெய்து, அதை உதய்ப்பூர் சஜ்ஜன்கரில் அடைப்புக்குள் கொண்டுபோய் வைத்தது. நகரங்களில் ஊர்வலம் நடந்தது, மெழுகுவத்தி ஏற்றினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வனத்துறையின் முடிவு தவறு என்று வாதிட இடமுண்டு. அதற்காக வாதிட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்களும் இல்லை. ஆனால் அந்தப் பற்றின் உருவத்தைப் பாருங்கள். படம் பிடிக்கப்பட்ட, பெயர் வைக்கப்பட்ட, சாலையோரம் பழகிப்போன ஒரு தனிப் புலியின்மேல் அது இருந்தது. காலையும் மாலையும் அதே காட்டில் கால்நடையாகச் சுற்றிய காவலருக்கு ஏற்றப்பட்ட மெழுகுவத்தி எத்தனை? நடிகரின் ரசிகர் நடிகரை நேசிப்பதை நாடகக் கலையின்மேல் வைத்த பற்று என்று நாம் சொல்வதில்லை. காட்டு விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்கிறோம்.

நடிகர் என்ற சொல் தற்செயலாக வரவில்லை. மேடையும் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். முதுமலையிலும் பந்திப்பூரிலும் உண்ணிச்செடி காட்டின் அடித்தளத்தையே மூடியிருக்கிறது. சாலையின் இருபுறமும் அதை வெட்டி ஒதுக்குகிறார்கள். தீ பரவாமலிருக்கவும் உதவும், ‘வியூ லைன்’ என்று அதற்குப் பெயர். அந்தக் கீற்றில் புல் முளைக்கும், மான் வரும், மானுக்குப் பின்னால் வரவேண்டியது வரும். கபினியின் புகழ்பெற்ற கோடைக்கால யானைக் கூட்டம் 1970களில் கட்டிய அணையின் நீர் இறங்கும்போது முளைக்கும் புல்லுக்காகக் கூடுவது. இலங்கையின் மின்னேரியாவிலும் அப்படித்தான். மகாசேன மன்னன் வெட்டிய குளம் வற்றும்போது ஒதுங்கும் புல்வெளிக்கு நூற்றுக்கணக்கில் யானைகள் வருகின்றன. பாசனத்துக்காகத் தண்ணீரை நிறுத்திவைத்தால் புல்லும் இல்லை, கூட்டமும் இல்லை. இவை கேவலமான காட்சிகள் இல்லை. கன்னிக் காட்டின் ஆதிக் காட்சி என்று விற்காமல், மதகு திறக்கும் பொறியாளரும் யானையும் புல்லும் சேர்ந்து போட்ட கணக்கு என்று சொல்லிக் காட்டினால் எவ்வளவு சுவையான பாடம்! சஃபாரியில் அதைச் சொல்ல நேரமில்லை. எங்கோ கடமான் கத்தியிருக்கும்.

இந்தப் பெருவிலங்கு மோகத்துக்கு மாற்று என்று புது வழக்கம் ஒன்று பரவிவருகிறது. பறவை நோக்குவோரைப் போலவே பாலூட்டி நோக்குவோர். குறிப்பேடு, இனக்கணக்கு, வெப்பத்தைப் பார்க்கும் கருவி. மலேசியாவின் சபாவில் தெரமகோட் காட்டுக்கு இவர்கள் திரள்கிறார்கள். அது கன்னிக் காடு இல்லை. 1997லேயே முறையான மரவெட்டுக்குச் சான்று பெற்ற வணிகக் காடு. ஆனாலும் போர்னியோவின் ஐந்து காட்டுப்பூனை இனங்களும் அங்கே பதிவாகியிருக்கின்றன. இரவு முழுக்க வண்டியில் விளக்கடித்துப் போனால் புனுகுப்பூனையும் பறக்கும் அணிலும் ஒளிரும் கண்களாகத் தெரியும். வௌவாலையும் எலியையும் பெயர் சொல்லித் தேடுகிறார்கள் என்ற மட்டில் இவர்களுக்கு ஒரு வணக்கம். ஆனால் கண் தெரிந்தது, இனம் தெரிந்தது, டிக் போட்டாயிற்று, அடுத்து. ஐந்தின் பட்டியல் ஐந்நூறின் பட்டியலாக நீண்டிருக்கிறது. நோய் அதேதான், கணக்குப்பிள்ளைதான் திறமைசாலி.

வேறெப்படிப் பார்ப்பது என்று கேட்டால் மா. கிருஷ்ணனைச் சொல்வேன். எழுத்தாளர் மாதவையாவின் மகன், 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைப் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். 1960களின் இறுதியில் நேரு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகப் போய் ஆய்ந்து அவர் செய்த அறிக்கையைப் பம்பாய்க் கழகம் நூலாக்கியது. கையால் பூட்டிச் சேர்த்த கேமராவில் கருப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அந்தப் படங்களில் யானையின் பின்பக்கம் இருக்கும், காட்டுமாட்டின் கால் குளம்பு இருக்கும், புள்ளிமானின் நிற்கும் நிலை இருக்கும். அழகுப் போட்டிக்கு அனுப்ப எடுத்தவை இல்லை. விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கான சாட்சியங்கள்.

இது மேட்டிமைப் பேச்சு என்று உடனே சொல்வார்கள். இரண்டு நாள் விடுப்பில் பிள்ளைகுட்டியோடு சென்னையிலிருந்து வரும் குடும்பம் கிருஷ்ணனாக முடியுமா? முடியாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் மூன்று மணி நேரச் சவாரியில் அரை மணி நேரம் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி ஒரே மான் கூட்டத்தைப் பார்க்கச் செய்வதற்கு விலங்கியல் பட்டம் தேவையில்லை. அதற்கு வேண்டிய அறிவு ஏற்கெனவே வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. முதுமலையிலும் ஆனைமலையிலும் தடம் பார்க்கிறவர்களாகவும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் இருப்பவர்களில் பலர் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், காடர், மலசர். கொன்றைக்காயின் விதை கிடக்கும் எச்சத்தைக் கண்டால் கரடி எப்போது போனது என்று சொல்லக்கூடியவர்கள். இதற்கெல்லாம் டிப்ஸ் வராது; புலியைக் காட்டினால் வரும். ஐந்நூறு ரூபாய் எதற்குக் கிடைக்கிறதோ அதை நோக்கித்தான் எந்த மனிதரின் அறிவும் ஒடுங்கும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பன் பாட்டன் சேர்த்துவைத்த காட்டறிவில் எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்பதைப் பின்னிருக்கை தீர்மானிக்கிறது. கரடி எச்சத்தைக் குனிந்து பார்க்கும் பயணி ஒருவர் வாரத்துக்கு ஒருவராவது வந்தால் அந்தப் பக்கம் திறந்தே இருக்கும். வராவிட்டால் இன்னும் ஒரு தலைமுறையில் அது மறதியாகும். பிறகு எந்தக் கட்டணத்துக்கும் கிடைக்காது.

மறுபடி அந்தக் கடமானிடம் வருவோம். பத்து நிமிடம் ஆகிறது. புதர் அசையவில்லை. குரல் இடைவெளி விட்டு, இடைவெளி நீண்டு, நின்றுபோகிறது. உள்ளே இருந்தது நகர்ந்துவிட்டது போலும் என்று ஓட்டுநர் முணுமுணுக்கிறார்; சாவி திரும்புகிறது, இன்ஜின் உறுமுகிறது, கேமராக்கள் மடியில் இறங்குகின்றன. கடமானின் வால் இன்னும் தாழவில்லை. ஒரு காது மட்டும் வண்டியின் பக்கம் திரும்பி, திரும்பவும் புதருக்கே போகிறது. வண்டி வளைவில் மறைந்த பிறகுதான் அது தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைக்கிறது.